ஏரிக்குள் எழுந்த நகர்: தியாகராய நகர் அன்றும் இன்றும்

தேனிப் பக்கத்து மார்க்கையன்கோட்டைக்காரருக்குத் தண்ணீர்க் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதக் கடைசியிலேயே ஊரில் அதுதான் பேச்சு. அணையில் எத்தனை அடி நிற்கிறது, ஜூன் முதல் தேதி திறப்பார்களா, கேரளத்தில் மழை பிடித்துவிட்டதா? கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை நம்பித்தான் நாற்றுப் பாவுகிறது. எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாயும், கண்மாயின் உள்வாய் எதுவரை, மறுகால் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அத்துபடி.

அந்தக் கண்ணோடு ஒருவர் சென்னை தியாகராய நகருக்குப் போய் நிற்கட்டும். கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் கடையைப் பார்ப்பார்கள், கூட்டத்தைப் பார்ப்பார்கள், பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். தரையைப் பார்ப்பவர் குறைவு. மழை பெய்த மறுநாள் போனால் தரையைப் பார்க்காமல் இருக்க முடியாது. பனகல் பூங்காவைச் சுற்றி, விஜயராகவா சாலையில், ஜி.என். செட்டி சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும் விதத்தைப் பார்த்தால் நம்மூர்ப் பெரியவர் ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார், இது குளத்துக்குள் கட்டின ஊர் என்று. சரியாகத்தான் சொல்வார்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் சென்னை நகரத்தின் மேற்கு எல்லையாக இருந்தது தண்ணீர். நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் ஒன்றாகச் சேர்ந்து, நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை, பிறைபோல் வளைந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீண்டு கிடந்தன. வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'லாங் டேங்க்'. கிழக்கே மவுண்ட் ரோடு, மேற்கே மாம்பலம் கிராமம். அந்த மாம்பலம் அன்றைக்குச் சென்னையே இல்லை, செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. துரைமார்கள் அந்த ஏரியில் படகுப் போட்டி நடத்தினார்கள். மழைக்காலத்தில் ஏரி நிறைந்து, மிச்சம் அடையாற்றுக்குப் போனது. ஏரி போன பிறகும் அதன் அடையாளங்கள் பெயர்ப்பலகைகளில் தங்கிவிட்டன. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடும் லேக் ஏரியாவும் இருக்கின்றன, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் தெரிவது அடுக்குமாடி வீட்டுப் பால்கனிகள்.

ஏரியை ஏன் அழித்தார்கள்? 1921 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை சுமார் 5.27 லட்சம். ஜார்ஜ் டவுனில் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எச்.வி. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய நகர வடிவமைப்பாளர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னைக்கு வந்து யோசனைகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் முடிவில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1923 தொடங்கி ஏரியின் பகுதிகள் வடிக்கப்பட்டு, மேடாக்கப்பட்டு, மனைகளாகப் பிரிக்கப்பட்டன. மாம்பலம் வீட்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர். பரப்பு ஏறத்தாழ 1,600 ஏக்கர். ஒரே வீச்சில் முடிந்த வேலை இல்லை அது. வடக்கே நுங்கம்பாக்கத்தில் மிச்சமிருந்த துண்டு நாற்பதுகளில் வீட்டுமனையானது. கடைசித் துண்டின் மேல் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

இன்றைக்கு இதைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. சதுப்பை வற்றடித்துக் குடியிருப்பாக்குவது நாகரிகத்தின் வேலை, கொசு ஒழியும், காய்ச்சல் ஒழியும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. (கொசு ஒழியவில்லை. மேற்கு மாம்பலம் பிறகு பல பத்தாண்டுகள் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர்போன இடமாக இருந்தது.) சென்னையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நம் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004இல் எழுந்த இடம் உலகனேரிக் கண்மாய். எண்பது ஆண்டுகள் கழித்தும் அதே பழக்கம்தான். கண்மாய் என்றால் காலி இடம் என்று படிக்கிற அதிகாரிகளுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை.

ஆனால் வடிவமைப்பு அழகானது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து நாலாபக்கமும் பிரியும் அகலச் சாலைகள், இரு மருங்கும் மரங்கள், பெரிய பெரிய மனைகள். ஒவ்வொரு வீட்டையும் சுற்றித் தோட்டம் போட இடம். கூடவே புதிய ஊரின் பெயர்ப்பலகைகளில் நீதிக்கட்சி தன் வரலாற்றையே எழுதி வைத்தது. 1916இல் கட்சியைத் தொடங்கிய மூவரும் அங்கே இருக்கிறார்கள்: பிட்டி தியாகராயச் செட்டியார் ஊருக்கே பெயரானார், டி.எம். நாயர் சாலையானார், சி. நடேசனார் பூங்காவானார். முதலமைச்சராக இருந்த பனகல் அரசருக்கு நடுப்பூங்கா. முகமது உஸ்மானுக்கு ஒரு சாலை, பசுல்லாவுக்கு ஒன்று, ஜி. நாராயணசாமிச் செட்டியாருக்கு ஒன்று. அதிகாரிகளையும் விடவில்லை, மலோனியும் போக்கும் சாலைகளானார்கள். தியாகராயர் 1925இல் காலமாகிவிட்டார். தன் பேரால் எழுந்த நகரம் நிறைவதை அவர் பார்க்கவில்லை.

இந்தப் பெயர்களுக்குப் பிற்காலத்தில் வந்த சோதனையும் வேடிக்கையானது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கச் சொன்னார்கள். நோக்கம் நல்லது. ஊழியர்கள் தார்ச்சட்டியோடு கிளம்பினார்கள். டாக்டர் நாயர் சாலையில் நாயர் போய் வெறும் டாக்டர் சாலை மிஞ்சியது. பிராமணரல்லாதார் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பெயரைச் சாதி ஒழிப்பின் பேரால் அழித்த கதை வேறெங்கும் கிடைக்காது.

ஊர் நிரம்ப ரயில் உதவியது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் ஏறினால் சீக்கிரத்தில் கோட்டைப் பக்கம் இறங்கிவிடலாம் என்றானதும், வக்கீல்களும் டாக்டர்களும் அரசு உத்தியோகஸ்தர்களும் குடிவந்தார்கள். 1945இல் வாணி மகால் வந்தது, கச்சேரி கேட்க மயிலாப்பூர் வரை போக வேண்டியதில்லை என்றானது. கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோக்கள் வரிசையாக எழுந்தபோது, அங்கே வேலை பார்த்த நட்சத்திரங்கள் ரயில் பாதையைத் தாண்டி இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டார்கள். சிவாஜி கணேசனின் அன்னை இல்லம் தெற்கு போக் சாலையில். அந்தச் சாலை பிற்பாடு அவர் பெயரையே பெற்றது. ஹென்ஸ்மன் சாலை கண்ணதாசன் சாலையானது. பசுல்லா சாலையில் ராஜாஜி இருந்தார். திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் இருந்த காமராஜர் 1975 அக்டோபர் 2ஆம் தேதி அங்கேயே கண்ணை மூடினார். எதிரெதிர் அணியில் நின்ற இருவர், நடந்துபோய்விடக்கூடிய தூரத்தில் குடியிருந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்து மனிதர்களும் அங்கே உண்டு. பாண்டி பஜார் என்றதும் புதுச்சேரிக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சௌந்திரபாண்டியன் அங்காடி. டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியனார் வத்தலக்குண்டுக்கு அருகே பட்டிவீரன்பட்டிக்காரர், நம் மலையடிவாரத்து அண்டை வீட்டார் என்றே சொல்லலாம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டவர். எல்லாரும் ஏறலாம் என்று பஸ்ஸைத் திறந்துவிட்டவர் பேரில், எல்லாரும் நுழையக்கூடிய ஒரு கடைத்தெரு இருப்பது பொருத்தம்தான்.

பிறகு சினிமா வழியாக வந்தவர்கள். அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா, பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜா. நிஜக் கிராமத்து வெயிலையும் மண்ணையும் 1977இல் '16 வயதினிலே' திரையில் காட்டியபோது, கோடம்பாக்கத்து செட் கிராமங்களுக்குக் காலம் முடிந்தது. இளையராஜா வாழ்க்கையில் பெரும்பகுதி வீடாகக் கொண்டது இதே தியாகராய நகர்தான்.

இனி கடைகளுக்கு வருவோம். அசல் திட்டத்தில் வீடு உண்டு, பூங்கா உண்டு, பள்ளி உண்டு. தென்னிந்தியாவின் மிகப் பெரிய கடைத்தெரு ஒன்று இங்கே வரும் என்று வரைபடம் போட்டவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். 1928இல் நல்லி சின்னசாமிச் செட்டியார் கடை போட்டபோது அது குடியிருப்பவர்களுக்கான புடவைக்கடை. பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டு வியாபாரம் மெல்ல வளர்ந்தது. பாண்டி பஜார் வளர்ந்தது. ஆனால் ஊரைப் புரட்டிப்போட்டது இவை எதுவும் இல்லை. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்கு வரும் ஒரு சின்னத் தெரு அது.

ரங்கநாதன் தெரு ஒரு காலத்தில் வீடுகள் நிறைந்த தெரு. ரயிலில் இறங்குகிற ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் ஊருக்குள் போக வேண்டும் என்பது அதன் அதிர்ஷ்டம், அல்லது விதி. வாசல் திண்ணை காய்கறிக் கடையானது, முன்னறை பாத்திரக்கடையானது, பிறகு வீடே போய் மாடி மேல் மாடியாகக் கட்டடம் வந்தது. 1970இல் சரவணா ஸ்டோர்ஸ் பாத்திரக்கடையாக அங்கே தொடங்கியது. தென்மாவட்டத்திலிருந்து வந்த வியாபாரிகள் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். சென்னையில் சம்பளம் வாங்குகிற எல்லார் வீட்டிலும் புடவை கட்டுகிறார்கள், எல்லார் வீட்டிலும் குடம் இருக்கிறது. லாபத்தைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். விலை பேசத் தயங்குகிறவர்களும், பெரிய கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளக் கூசுகிறவர்களும் இங்கே கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனார்கள்.

பழைய தியாகராய நகரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். தோட்டம் போச்சு, பங்களா போச்சு, அமைதி போச்சு. எனக்கு அந்தப் பெருமூச்சில் பாதிக்கு மேல் பங்கு இல்லை. அந்தத் தோட்டமும் அமைதியும் எத்தனை பேருக்குக் கிடைத்தன? பெரிய மனை வாங்க முடிந்தவர்களுக்காகப் போட்ட ஊர் அது. அதைத் திறந்துவிட்டது கடைத்தெரு. செங்கல்பட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் பொட்டலச் சோறோடு வந்து, நாள் முழுக்கச் சுற்றி, தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துப் போகிற குடும்பத்துக்கும் இன்றைக்குத் தி.நகர் சொந்தம்.

அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு. மாடி மேல் மாடி ஏற்றியபோது விதிகளை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அனுமதி வாங்கியது ஒன்று, கட்டியது இன்னொன்று. 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். பொங்கல் வியாபாரத்தை ஒட்டி உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு அவை தற்காலிகமாகத் திறந்தன. 2017 மே 31 அன்று தீப்பற்றிய சென்னை சில்க்ஸ் கட்டடம் ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அதிகாலையில் பிடித்த தீ. கூட்ட நேரமாக இருந்திருந்தால் என்ற எண்ணத்தை நீட்டிப் பார்க்க மனம் வராது.

இன்னொரு விலையைக் கால்கள் கொடுத்தன. கடைகளில் வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் பெரும்பாலும் தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். காலையில் நின்றால் இரவுதான் உட்காரலாம். 2010இல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' அந்த வாழ்க்கையை ரங்கநாதன் தெருவிலேயே வைத்துக் காட்டியது. படம் வந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. சட்டம் வந்துவிட்டது, நாற்காலி இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்பதை அடுத்த முறை துணி எடுக்கப் போகிறவர்கள் கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சொல்லலாம்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அரசு இந்த ஊருக்குச் செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால், கூட்டத்தை எங்கே கொண்டு வைப்பது என்ற ஒரே கேள்விதான் ஓடுகிறது. 2013இல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை ஒரு வணிக வளாகத்துக்குள் கொண்டுபோனார்கள். 2019 நவம்பரில் அந்தச் சாலையையே நடப்பவர்களுக்கான அகல நடைபாதையாக மாற்றித் திறந்தார்கள். 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீள ஆகாய நடைமேடை வந்தது. 2025இல் தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரை இரும்பு மேம்பாலம் வந்தது. இவற்றில் எனக்குப் பிடித்தது பாண்டி பஜார் நடைபாதை. கடையில் ஒன்றும் வாங்காதவரும் கால் நீட்டி உட்கார இடமிருக்கிற கடைத்தெரு நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது? தேனியில் நேரு சிலை முக்கில் சாலையைக் கடப்பதே ஒரு சாகசம்.

ஆனால் இந்த அழகுபடுத்தும் வேலைகள் ஏரியை மறந்துவிட்டுச் செய்யப்பட்டன. வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி, தி.நகரின் குறுக்கே ஓடி, நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்தான் பழைய ஏரிப் பரப்பின் முக்கிய வடிகால். நீளம் சுமார் 5.7 கிலோமீட்டர். நம் கணக்கில் சொன்னால், மறுகால் ஓடை. அதன் இரு கரையும் வீடும் கடையுமாக நெருங்கிவிட்டது. 2015 டிசம்பரில் அடையாறே கரை மீறியது, அப்போது கால்வாய் என்ன செய்யும் என்று மன்னித்துவிடலாம். 2021 நவம்பரில் அப்படி இல்லை. ஸ்மார்ட் சிட்டி வேலைக்காகக் கால்வாயில் கொட்டிய கட்டட இடிபாடுகள் அடைத்துக்கொண்டதால் ஜி.என். செட்டி சாலைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அழகுபடுத்தக் கோடிக்கணக்கில் செலவழித்த அதே பகுதி, ஒரு மழையில் பழையபடி ஏரியானது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தார்கள், மழைநீர் வடிகால்களைப் புதிதாகப் போட்டார்கள், கால்வாயைத் தூர்வாரினார்கள். நிலைமை முன்னைக்கு இப்போது தேவலாம் என்கிறார்கள். கால்வாயை அகலப்படுத்த மட்டும் யாராலும் முடியவில்லை, இடமில்லை.

நம்மூரில் வாய்க்காலை ஆக்கிரமித்தால் அடுத்த வயல்காரன் விட மாட்டான். அவனுக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும். நகரத்தில் வாய்க்காலை ஒட்டியிருக்கும் யாருக்கும் அந்தத் தண்ணீர் தேவையில்லை, அது போய்த் தொலைந்தால் போதும். கேட்பதற்கு ஆள் இல்லாத வாய்க்கால் சுருங்குவதில் அதிசயமில்லை.

இப்போது பனகல் பூங்காவுக்கு அடியில் மெட்ரோ ரயில் நிலையம் கட்டுகிறார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பாதை அது. நூறு ஆண்டுக்கு முன் மண் கொட்டி மூடிய ஏரித் தரையை இந்தத் தலைமுறை துளைத்துக்கொண்டு போகிறது. வேலை முடிந்தால் நம் பக்கத்தவர்களுக்கும் சௌகரியம். 2023 ஜூனிலிருந்து போடிக்குச் சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் ரயில் ஓடுகிறது. இரவு தேனியில் ஏறிக் காலையில் சென்ட்ரலில் இறங்கினால், மெட்ரோவில் வடபழனி போய், அங்கே மாறி, பனகல் பூங்காவில் கடை வாசலிலேயே மேலே வந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தப் புடவை எடுக்கக் கிளம்புகிறவர்கள் மட்டும் துரைசாமி, அரங்கநாதன், மேட்லி சுரங்கப்பாதைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மேற்கு மாம்பலம் பக்கம் போவது நல்லது.